டிஸ்டர்ப் இல்லாத ஒன்பது நாட்கள்

ஒரு நாளைக்கு எழுபது எண்பது தடவை ‘டிஸ்டர்ப் பண்ணிட்டேனா?’ என்று கேட்பதுதான் என் உத்தியோகம். விழுப்புரத்தில் ஒரு பைக் ஷோரூமில் சர்வீஸ் பிரிவில் இருக்கிறேன். வீடு திண்டிவனத்தில். காலையில் பஸ் பிடித்துப் போய், பட்டியலை எதிரில் வைத்துக்கொண்டு, யார் யாருடைய வண்டிக்கு சர்வீஸ் தேதி வந்துவிட்டதோ அவர்களுக்கெல்லாம் போன் போட வேண்டும். “சார், டிஸ்டர்ப் பண்ணிட்டேனா? ஒங்க வண்டி மூணாவது சர்வீஸுக்கு வந்துடுச்சி சார்” என்று ஆரம்பிப்பேன். யாரும் சொல்லிக்கொடுத்த வசனம் இல்லை, நானே கண்டுபிடித்தது. எடுத்த எடுப்பில் இதைக் கேட்டுவிட்டால், எரிச்சலோடு போனை எடுத்தவர்கூட கொஞ்சம் தடுமாறி, “இல்ல இல்ல, சொல்லுங்க” என்று சொல்லிவிடுவார். அந்தத் தடுமாற்றத்துக்குள் நான் ஆயில் மாற்றுவது வரைக்கும் பேசி முடித்துவிடுவேன்.

களத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைக் காயவைத்துக்கொண்டிருந்தவர், கல்யாணப் பந்தியில் சாம்பாருக்குக் காத்திருந்தவர், பல் பிடுங்கிய வாயோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர் என்று எல்லோரையும் பிடித்திருக்கிறேன். எல்லோரும் “இல்ல, சொல்லுங்க” என்றுதான் சொன்னார்கள். ஒருவர் சுடுகாட்டில் நின்றுகொண்டிருந்தார். அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மெதுவாகச் சொன்னார், அவ்வளவுதான். திட்டியவர்கள் உண்டு, பாதியில் வெட்டியவர்கள் உண்டு. ஆனால் நான் கேட்ட கேள்விக்கு நேராக, ‘ஆமா, டிஸ்டர்ப் பண்ணிட்ட’ என்று பதில் சொன்ன ஆள் இத்தனை வருடத்தில் ஒருவர்கூட இல்லை.

அதனால் இந்த இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். தமிழில் தொந்தரவு இருக்கிறது, தொல்லை இருக்கிறது, இடைஞ்சல், இம்சை, நச்சரிப்பு எல்லாம் இருக்கின்றன. ஆனால் ‘தொல்லை குடுத்துட்டேனா சார்?’ என்று கேட்டுப் பாருங்கள், சண்டைக்கு வந்தவன் மாதிரி இருக்கும். ‘இடையூறு செய்துவிட்டேனா?’ என்றால் மனு கொடுக்க வந்தவன் மாதிரி இருக்கும். டிஸ்டர்ப் என்றால் யாருக்கும் வலிப்பதில்லை. எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. வயிறு டிஸ்டர்பா இருக்கு என்றால் காலையிலிருந்து மூன்று தடவை போய்விட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம். மைண்டு டிஸ்டர்ப் ஆயிடுச்சி என்றால் இன்றைக்கு வேலைக்கு வரமாட்டான் என்று அர்த்தம். டவர் டிஸ்டர்ப் என்றால் உன்னோடு பேச இஷ்டமில்லை என்று அர்த்தம். டவுன் பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண் ‘அவன் டிஸ்டர்ப் பண்றான்’ என்று தோழியிடம் சொன்னால் முன் சீட்டுப் பெரியவர்கள் எல்லாம் திரும்பி அந்த அவனைத் தேடுவார்கள்.

ஒருநாள் ஷோரூமில் வேலை குறைவாக இருந்தபோது அகராதியில் பார்த்தேன். அமைதியைக் குலைத்தல், நிலைகுலையச் செய்தல், இருந்த இடத்திலிருந்து கலைத்தல் என்று போட்டிருந்தது. கலைத்தல் என்பது எனக்குப் பிடித்திருந்தது. மனைவி மடித்து அடுக்கிவைத்த துணியின் நடுவிலிருந்து நான் ஒரு சட்டையை உருவும்போது நடப்பது அதுதான். இதை வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னபோது, “தெரிஞ்சிக்கினே பண்றீங்களா அப்ப?” என்று கேட்டாள்.

எங்கள் தெருவில் இந்தக் கேள்வியை வாசலில் நின்று யாரும் கேட்பதில்லை. உள்ளே வந்து, ஃபேனைப் போட்டு, நாற்காலியை அதற்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் “டிஸ்டர்ப் பண்ணிட்டனா?” என்று கேட்பார்கள். டீ போடு என்று அதற்கு அர்த்தம். இதில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுகிற ஆள் பக்கத்து வீட்டு அக்கா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பெருமுக்கல்லில் பிறந்தவர். மலைமேல் இருக்கிற கோயிலில் நின்று கூப்பிட்டுப் பழகியதாலோ என்னவோ, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேசினால் இந்தப் பக்கம் டம்ளர் அதிரும். அவர் கணவர் கொத்தனார். விடிவதற்குள் வானூர் பக்கம் கட்டட வேலைக்குக் கிளம்பிவிடுவார். பகல் முழுக்க அக்கா தனியாக உட்கார்ந்து, ஒரு வியாபாரிக்காக மூட்டை மூட்டையாக விதை மல்லாட்டை உடைப்பார். உடைத்து அலுத்தால் எங்கள் வீட்டுக்கு வருவார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை அலுக்கும்.

இனிமேல்தான் விஷயம். என் மனைவி அரசு வேலைக்கான பரீட்சையை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் நழுவவிட்டவள். இரண்டாவது தடவை ஒரே ஒரு கேள்வியில் போயிற்று. மூன்றாவது தடவைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், “இந்த வாட்டி வரலன்னா உட்டுர்றேங்க. புஸ்தகத்தையெல்லாம் யாருக்காவது குடுத்துடலாம்” என்றாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். எனக்குப் பயமாகிவிட்டது. அவள் எதையாவது விடுகிறேன் என்று சொன்னால் விட்டுவிடுவாள், அப்படிப்பட்டவள்.

பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் தெருமேல் வந்தது. இத்தனை பேர் இவளை டிஸ்டர்ப் பண்ணிக்கொண்டே இருந்தால் இவள் எப்படிப் படிப்பாள்? பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது. பள்ளிக்கூட லீவு என்பதால் எங்கள் பெண்ணை வானூரில் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அடுத்து ஒரு அட்டையில் ‘தேர்வு நேரம். தயவுசெய்து டிஸ்டர்ப் செய்யாதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் எழுதிக் கேட்டில் தொங்கவிட்டேன்.

ஒரு மணி நேரத்துக்குள் ஆறு பேர் கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள். என்ன தேர்வு, யாருக்கு, எத்தனை மணிக்கு, போன தடவை என்ன ஆச்சு என்று விசாரிக்க வந்தவர்கள். ஒருவர் தன் மச்சான் மகளுக்கும் இதே பரீட்சைதான் என்று சொல்லி அவளையும் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டார். அக்கா கடைசியாக வந்து, ஃபேனுக்கு நேராக உட்கார்ந்து, “படிக்கறதுன்னா படிக்க வேண்டியதுதான? போர்டு இன்னாத்துக்கு தம்பி?” என்று ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரம் அந்த போர்டைப் பற்றியே பேசினோம். நடுவில், டிஸ்டர்ப் பண்ணிட்டனா என்று இரண்டு தடவை கேட்டார். நானும் இரண்டு தடவை “இல்லக்கா” என்றேன்.

அன்றைக்கு ராத்திரி அட்டையைக் கழற்றி எடுத்துவிட்டு யோசித்தேன். எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குள் யாரும் போகமாட்டார்கள்? சட்டென்று பதில் வந்தது. வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிற வீட்டுக்குள். அம்மை போட்ட வீடு. மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிற வரைக்கும் சொந்தக்காரன்கூட கேட்டுக்கு வெளியிலேயே நின்று குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். சத்தம் போட்டுப் பேசமாட்டான். வெயில் காலம் வேறு, யாரும் சந்தேகப்படமாட்டார்கள். எனக்கு என்மேலேயே மரியாதை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் தெருமுனை மரத்தில் ஒரு கொத்து ஒடித்துவந்து நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் செருகினேன். ஆத்தா விஷயம், விளையாட்டில்லை. “தாயே, ஒம்பேரைச் சொல்லி டிஸ்டர்ப் பண்றேன், மன்னிச்சிக்கோ. அவ பாஸானதும் கூழ் ஊத்தறேன்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். போட்ட கை கீழே இறங்கும்முன் சுவருக்கு மேல் அக்காவின் தலை தெரிந்தது.

“இன்னா தம்பி, யாருக்கு?”

இதை நான் யோசித்துவைக்கவில்லை. மனைவிக்கு என்று சொன்னால் படுத்துக் கிடக்கிறவளுக்குப் புத்தகம் எதற்கு, பரீட்சைக்குத்தான் எப்படிப் போவாள்? பெண்ணோ வானூரில் இருக்கிறாள். வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

“எனக்குத்தாங்க்கா.”

“அய்யய்யோ. முத்து எங்க போட்டிருக்கு?”

“முதுகுல.”

“காட்டு பாப்போம்.”

“ஆத்தாவக் காட்டலாமாக்கா?”

அக்கா வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உடனே மேனேஜருக்கு போன் போட்டேன். அம்மை என்றதும் அவர் குரலே ரெண்டடி பின்னால் போயிற்று. “பத்து நாளைக்கு இந்தப் பக்கமே வந்துடாத. லிஸ்டை போனுக்கு அனுப்பறேன், ஊட்ல இருந்தே கால் பண்ணு” என்றார். லீவும் போகவில்லை, சம்பளமும் போகவில்லை. இப்படி ஒரு யோசனை இதுவரை யாருக்கும் வந்திருக்காது என்று நினைத்தேன்.

குளித்துவிட்டு வந்த மனைவி வேப்பிலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

“அப்ப பத்து நாளும் நீங்க ஊட்லயேதானா?” என்று கேட்டாள்.

“பத்து நாளும்!” என்றேன்.

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் காலில் பலம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் முன்னால் ஒரு ஹால், ஓரமாகச் சமையல் மேடை, அதற்குப் பின்னால் ஒரு ரூம். ரூமிலிருந்து பின்பக்கம் போக ஒரு கதவு உண்டு. அங்கேதான் துவைக்கிற கல்லும் பாத்ரூமும். ரூமை அவளுக்குக் கொடுத்தேன். ஹாலில் பாயை விரித்து, வேப்பிலையைப் பரப்பி, அதன்மேல் நான் படுத்துக்கொண்டேன். அவள் ஹால் பக்கத்துக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். தெரு அடங்கிப்போயிற்று. காய்காரர் எங்கள் வீட்டைத் தாண்டுகிற வரைக்கும் கூவவில்லை. கேட்டுக்கு வெளியில் யார் யாரோ இளநீரும் கேப்பைக் கூழும் வைத்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு நல்லவர்களையா ஏமாற்றுகிறேன் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கூழ் நன்றாக இருந்ததால் அந்த நிமிஷம் சீக்கிரம் போய்விட்டது.

ஆனால் மற்ற சட்டங்கள் எனக்கு மறந்துபோயிருந்தன. அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. நான் ஷேவ் பண்ணக் கூடாது, தலை சீவக் கூடாது, கேட்டைத் தாண்டக் கூடாது. தெருவில் யாருக்கும் வாசனை போய்விடக் கூடாதே என்று மனைவி ஒரு கடுகுகூட வெடிக்கவிடவில்லை. தாளிக்காத ரசத்தை மூன்று வேளை குடித்த பிறகு, எனக்கு நிஜமாகவே ஏதோ வந்துவிட்டது மாதிரி இருந்தது. முதுகு வேறு அரித்தது. வேப்பிலையில் எறும்பு.

இத்தனையும் யாருக்காக? அவளுக்காக. அதனால் அவளை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு பண்ணினேன். ஹாலில் உட்கார்ந்து பத்து பேருக்கு போன் போடுவேன். “சார், டிஸ்டர்ப் பண்ணிட்டேனா?” முடித்ததும் எழுந்து போய் ரூம் கதவை மெதுவாகத் தட்டுவேன். “டிஸ்டர்ப் பண்ணிட்டேனாம்மா? டீ வைக்கட்டா?” வேண்டாம் என்பாள். இன்னும் பத்து போன். மறுபடி தட்டுவேன். “டிஸ்டர்ப் இல்லியே? மோர் குடுக்கட்டா?” முதல் நாள் ‘வேணாங்க’ என்று வந்த பதில் மறுநாள் காலையில் ‘ம்’ என்று ஆயிற்று. மறுநாள் மத்தியானத்துக்கு மேல் பதிலே வரவில்லை.

நான் பூரித்துப்போய்விட்டேன். கதவைத் தட்டுவது கூடக் காதில் விழாத அளவுக்குப் படிப்பில் இறங்கிவிட்டாள்! அதிலிருந்து டம்ளரைக் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்து மூடிவிட்டு, “டீ வெச்சிருக்கேம்மா, எழுந்துக்காத” என்று மட்டும் சொன்னேன். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துக் குடித்திருப்பாள். பேப்பரில் பொது அறிவுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது இருந்தால் கதவுக்கு வாயை வைத்துப் படித்துக் காட்டினேன். கேள்விகளும் கேட்டேன். பதில் வராது. நானே பதிலைச் சொல்லி, “கரெக்டா?” என்றும் கேட்டுவிட்டு வருவேன். இப்படி ஒரு வாரத்தில் எனக்கே நிறைய விஷயம் தெரிந்துவிட்டது.

ஒன்றுதான் உறுத்தியது. சாயங்காலம் அவள் வெளியே வரும்போது புடவைக் கொசுவத்தில் சிவப்புச் சிவப்பாகத் தோல் ஒட்டியிருக்கும். மல்லாட்டைத் தோல். நோட்டுப் பக்கங்களுக்கு நடுவிலும் இரண்டு பார்த்தேன். நான் இங்கே உப்புச் சப்பில்லாத ரசத்தைக் குடித்துக்கொண்டிருக்க, இவள் உள்ளே உட்கார்ந்து மல்லாட்டையா தின்கிறாள்? கேட்க வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. படிக்கிறவளை டிஸ்டர்ப் பண்ணக் கூடாது என்று விழுங்கிக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரலும் அடங்கிப் போயிருந்தது. எல்லாம் ஆத்தாவின் சக்தி என்று நினைத்தேன்.

பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. பரீட்சை விழுப்புரத்தில் ஒரு காலேஜில். ஒன்பது மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். எனக்கு மூன்றாவது தண்ணீர் திங்கட்கிழமை என்று தெருவே கணக்குப் போட்டு வைத்திருந்ததால் நான் கூடப் போக முடியாது. ஆறரை மணி பஸ்ஸில் அவள் தனியாகப் போவதாக ஏற்பாடு. ஆறேகாலுக்கு பையைச் சரிபார்த்தேன். பேனா இருந்தது. அடையாள அட்டை இருந்தது. ஹால் டிக்கெட் இல்லை.

அவளிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை என்று புரிந்துகொண்டு நான் களத்தில் இறங்கினேன். பீரோவைத் திறந்து துணியை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டேன். அரிசி டப்பாவில் கையை விட்டேன். மெத்தையைப் புரட்டினேன். சாமி படங்களைக் கழற்றிப் பின்னால் பார்த்தேன். என் வேப்பிலைப் படுக்கையை உதறியதில் வீடு முழுக்க இலை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எந்த பிரவுசிங் சென்டர் திறந்திருக்கும், மறுபடி எங்கே போய் பிரிண்ட் எடுப்பது? அகராதியில் போட்டிருந்த அத்தனை அர்த்தமும் அந்தப் பத்து நிமிஷத்தில் எங்கள் ஹாலில் கிடந்தது. ஆறரை மணி பஸ் போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நிஜமாகவே அழுதேன்.

“இருங்க, இருங்க, நான் ஒண்ணு சொல்லணும்” என்று அவள் ஆரம்பித்தாள்.

அப்போது, ஒன்பது நாள் நான் காவல் இருந்த அந்த ரூமின் கதவு உள்ளேயிருந்து திறந்தது. ரூமுக்குள்ளிருந்து பக்கத்து வீட்டு அக்கா வெளியே வந்தார். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஹால் டிக்கெட். உறைமேல் குங்குமம்.

“இன்னாடி, எடுக்க வருவ வருவன்னு பாத்துக்கினே இருக்கேன். எங்க ஊட்டு சாமி படத்தாண்ட நீ வெச்சது அங்கியே கெடந்துச்சி” என்றார் என் மனைவியிடம்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. “அக்கா, நீங்க எப்பிடி உள்ள இருந்து?”

“ஒம்பொண்டாட்டி தெனம் போற வழியாத்தான் வர்றேன். பின்னாடி கதவு, துவைக்கிற கல்லு, எங்க ஊட்டு சுவத்துல சந்து.” அக்கா தரையில் கிடந்த துணிகளையும் இலைகளையும் பார்த்தார். “சனிக்கெழம மத்தியானம் வந்துச்சி பாவம். ‘அக்கா, ஒரு பத்து நாளு ஒங்க ஊட்ல ஒக்காந்துக்கட்டா? எங்க ஊட்ல ஒரே டிஸ்டர்பு’ன்னுச்சி. யாரும்மா அம்மை ஊட்டுக்கு வர்றாங்கன்னு கேட்டேன். ‘யாரும் வர்லக்கா, அவரு இருக்காரு’ன்னுச்சி.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

“நான் ஒரு வார்த்த பேசல தம்பி,” என்றார் அக்கா. “அது பாட்டுக்குப் படிச்சிக்கினு இருந்துச்சி, நான் பாட்டுக்கு மல்லாட்ட ஒடச்சிக்கினு இருந்தேன். வாய் இம்மா நாள் சும்மா இருந்ததில்ல எனக்கு. தாடையே வலிக்குது.”

ஏழரை நாளாக நான் காலி ரூமுக்கு டீ வைத்திருக்கிறேன். காலி ரூமுக்குப் பேப்பர் படித்திருக்கிறேன். காலி ரூமிடம் ‘கரெக்டா?’ என்று கேட்டிருக்கிறேன். எனக்கு வந்தது கோபமா வெட்கமா என்று சொல்லத் தெரியவில்லை. காது மட்டும் சூடாக இருந்தது.

“நின்னுக்கினு இருக்காத, ஜல்தியா வண்டிய எடு” என்றார் அக்கா. “அடுத்த பஸ்ஸுக்கு நின்னா பேஜாராப் பூடும்.”

“எனக்கு இன்னும் மூணாவது தண்ணி ஊத்தலயேக்கா. தெருவுல பாத்தா?”

“முத்தே இல்லன்னு எனக்குத் தெரியும், இரு” என்றார் அக்கா. பின்பக்கம் போய் ஒரு குடத்தைத் தூக்கிவந்தார். நிலைப்படியிலிருந்து வேப்பிலையை உருவிக் குடத்தில் போட்டார். சமையல் மேடையிலிருந்து மஞ்சள் தூள் டப்பாவை எடுத்து, கணக்குப் பார்க்காமல் பாதியைக் கொட்டினார். என்னைக் கேட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய் நடுத் தெருவில் நிறுத்தி, பேன்ட் சட்டையோடு தலையில் கவிழ்த்தார். பிறகு பெருமுக்கல் மலைக்கே கேட்கிற மாதிரி, “மூணாவது தண்ணி ஊத்தியாச்சி! ஆத்தா எறங்கிட்டா!” என்று அறிவித்தார். பால் வாங்க வந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

சொட்டச் சொட்ட என் பழைய பைக்கை எடுத்தேன். ஹைவேயில் காற்று அடித்ததில் சட்டை பாதி வழியிலேயே காய்ந்து மஞ்சளாக விறைத்துக்கொண்டது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அந்த டீயெல்லாம்?” என்றேன் முன்னால் பார்த்துக்கொண்டே.

“வந்து குடிச்சேங்க. நல்லாத்தான் இருந்துச்சி. ஆறிப்போச்சி, அவ்ளோதான்.”

“சொல்லியிருக்கலாம் இல்ல?”

“எங்கூடப் படிக்கிறதா நெனச்சி அவ்ளோ ஆசையா இருந்தீங்க. எப்பிடிச் சொல்றது?” என்றாள். அதற்குப் பிறகு என் முதுகில் ஒட்டியிருந்த ஒரு வேப்பிலையை எடுத்துப் போட்டாள்.

காலேஜ் கேட்டுக்கு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்த காவலர் என்னை மேலும் கீழும் பார்த்து, “கோயில்ல இருந்து நேரா வர்றீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். மனைவி உள்ளே போகத் திரும்பினாள். முதலில் தெரிந்த கேள்வியை எழுது, பதற்றப்படாதே, தண்ணீர் குடி, வட்டத்தை முழுதாக அடை என்று எனக்குள் ஏழெட்டு புத்திமதிகள் வரிசையில் நின்றன. வாயைத் திறந்தேன். அவள் நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சொல்லுங்க, டிஸ்டர்ப் இல்ல” என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் உள்ளே போனாள். மத்தியானம் வரை எதிரில் ஒரு மர நிழலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு போன்கூடப் பண்ணவில்லை.

ரிசல்ட் வர மாதக்கணக்காயிற்று. பாஸ். வானூர் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. வாங்கிவந்த லட்டு டப்பாவை அவள் எனக்குக்கூடக் கொடுக்காமல் பின்கதவு வழியாக எடுத்துக்கொண்டு ஓடினாள். சொன்னபடி ஆத்தாவுக்குக் கூழும் ஊற்றினோம். நானும் அக்காவும்தான் கிண்டினோம். அக்கா அத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கும் சேர்த்துப் பேசினார்.

அவள் வேலையில் சேர்ந்த முதல் நாள் நான் ஷோரூமில் பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணி வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். நாற்காலி கிடைத்ததா, பக்கத்து சீட்டில் யார், டீ குடித்தாளா என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. பட்டியலில் ஐந்தாறு நம்பரைத் தள்ளிவிட்டு அவள் நம்பரைப் போட்டேன். நாலாவது ரிங்கில் எடுத்தாள்.

“டிஸ்டர்ப் பண்ணிட்டேனா?” என்றேன், பழக்கத்தில்.

“ஆமாங்க. வேலையா இருக்கேன், சாயங்காலம் பேசலாம்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு நேராக ‘ஆமா’ என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். சந்தோஷமாக இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர், “யாரு, கஸ்டமரா? திட்டிட்டாங்களா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரைப் போட்டேன்.